1.1.2000-க்கு முன் நீ எங்கே இருந்தாய்?

மும்பைக் கல்லூரி நூலகர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. பாடம் நடத்த நல்ல சிக்கல் கிடைப்பதில்லை.

விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தேவையான தகவலைத் தேடுவது, கிடைத்ததை எடைபோடுவது, உண்மையையும் புளுகையும் பிரிப்பது, எடுத்ததை ஒழுங்காகப் பயன்படுத்துவது என எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தகவல் எழுத்தறிவு என்று பெயர். 1974-இல் அமெரிக்காவில் பால் ஸுர்கோவ்ஸ்கி என்பவர் சூட்டிய பெயர் அது. அவர் நூலகர் அல்லர். தகவல் விற்கும் கம்பெனிகளின் சங்கத்துக்குத் தலைவர். வாங்குகிறவனுக்கு எழுத்தறிவு இருந்தால்தானே சரக்கு போகும். இந்த வித்தையை விரிவுரையாக நடத்தினால் மாணவன் தூங்கிவிடுகிறான் என்று கண்ட நூலகர்கள், மருத்துவக் கல்வியிலிருந்து ஒரு முறையைக் கடன் வாங்கினார்கள். கனடாவின் ஹாமில்டன் நகரில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-இல் 20 மாணவர்களோடு தொடங்கிய முறை. முதலில் நோயாளி, பிறகுதான் பாடம். இவருக்கு என்ன கோளாறு, அதைச் சொல்ல எனக்கு என்ன தெரிய வேண்டும், அது எங்கே கிடைக்கும் என்று மாணவர்களே குழுவாக உட்கார்ந்து தேட வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் இருப்பார். விடை சொல்ல மாட்டார். சிக்கல்வழிக் கற்றல் என்கிறார்கள். அருமையான முறை. எனக்கு அதனோடு எந்தச் சண்டையும் இல்லை.

சண்டை, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அதற்கு நடக்கும் சாந்தி பூஜையோடு. ஒருநாள் பயிலரங்கு. குத்துவிளக்கு, பூங்கொத்து, சால்வை, வரவேற்புரை, வாழ்த்துரை. அதற்குப் பிறகு யாரோ ஒருவர் இருபத்தோராம் நூற்றாண்டுத் திறன்கள் என்று ஸ்லைடு ஓட்டுவார். பேனருக்குக் கீழே எல்லாரும் நின்று இடமும் நேரமும் பதிந்த போட்டோ எடுத்துக்கொள்வார்கள், கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழு வரும்போது கோப்பில் காட்ட. (அந்த நாக் ஆய்வுக் குழுவின் தலைவரையே, நல்ல கிரேடு போட லஞ்சம் வாங்கினார் என்று 2025 பிப்ரவரியில் சி.பி.ஐ. கைது செய்தது. தகவலை எடைபோடுவது பற்றி அவரிடமும் கற்றுக்கொள்ள இருக்கிறது.) கடைசியில் மாணவர்களைக் குழு பிரித்து ஒரு சிக்கல் தருவார்கள்: துருவக் கரடிகள் அழிவது பற்றி ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி, ஏ.பி.ஏ. முறைப்படி மேற்கோள் தருக. கிங்ஸ் சர்க்கிளில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் ஜூலை மாதத்திலும் இந்த நூலகங்களில் துருவக் கரடிதான் மூழ்கும்.

இவர்களுக்குச் சிக்கல் கிடைக்கவில்லையாம். மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம்.

உள்ளபடிக்கு, மகாராஷ்டிர அரசுக்குக் கல்வியியலில் யாராவது ஒரு கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க வேண்டும். மெக்மாஸ்டர் 20 பேரை வைத்துச் செய்ததை அது ஓர் ஊரையே வைத்துச் செய்கிறது. நுழைவுத்தேர்வு கிடையாது, கட்டணம் கிடையாது. தாராவியில் உங்களுக்கு ஒரு கதவு இருந்தால் போதும். தாராவிக் குடிசைகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக 2024 மார்ச் 18-ஆம் தேதி கமலா ராமன் நகரில் தொடங்கிய சர்வேக்காரர்கள் அதில் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போவார்கள். அந்த நிமிடம் முதல் நீங்கள் மாணவர். வினாத்தாளில் ஒரே கேள்வி: 1.1.2000-க்கு முன் நீ இங்கே இருந்தாயா? நிரூபி.

மதிப்பெண் முறையும் அறிவித்தாயிற்று. நிரூபித்துவிட்டால், அதுவும் தரைத்தளத்துக்காரராக இருந்தால், தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். 2000-க்கும் 2011-க்கும் நடுவில் வந்தவரென்றால் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, கையிலிருந்து இரண்டரை லட்சம் ரூபாய். மேல்மாடிக்காரருக்கும், 2011-க்குப் பிறகு 2022 நவம்பர் 15 வரை வந்து சேர்ந்தவருக்கும் வெளியே வாடகை வீடு. முடிந்தால் தவணை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். ஒரே சந்து, ஒரே குழாய், ஒரே கழிப்பறை வரிசை. ஏணிக்குக் கீழே தூங்கியவன் தாராவிக்காரன், ஏணிக்கு மேலே தூங்கியவன் வெளியூர்க்காரன்.

சிக்கல்வழிக் கற்றலின் இலக்கணத்தில் ஒன்றையும் இந்த அரசு விட்டுவைக்கவில்லை. சிக்கலுக்குத் தெளிவான ஓரங்கள் இருக்கக் கூடாது என்பது முதல் விதி. இதற்கு எங்கே ஓரம்? 1976-இல் குடிசைகளை எண்ணி போட்டோ பாஸ் கொடுத்தார்கள். பிறகு தகுதித் தேதி 1985 ஆனது, 1995 ஆனது, 2000 ஆனது, காசு கட்டினால் 2011 என்றும் ஆனது. ஒவ்வொரு தேர்தலிலும் கேள்வித்தாள் மாறும். ஆசிரியர் விடை சொல்லக் கூடாது என்பது இன்னொரு விதி. எந்த ஆபீசிலாவது, எந்தக் கவுன்டரிலாவது சொன்னார்களா? மெக்மாஸ்டர் ஆசிரியர்கள்கூட வாய் தவறி ஏதாவது உளறியிருப்பார்கள். நம் அதிகாரிகளிடம் அந்த ஒழுக்கக்கேடு கிடையாது. மாணவர் தானே மூலங்களைத் தேடிப் போக வேண்டும் என்பதும் விதி. போகிறார்கள். வேலைக்கு லீவு போட்டு, ஒருநாள் கூலியைத் தொலைத்துவிட்டுப் போகிறார்கள்.

மூல ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்பதுதான் வேடிக்கை. 1992-93 கலவரத்தில் தாராவியில் வீடுகள் எரிந்தன. வீட்டோடு டிரங்குப் பெட்டியும் எரிந்தது. 2005 ஜூலை 26-இல் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு வீட்டுக்குள் வந்து, பரணுக்கு எட்டாத காகிதங்களையெல்லாம் கூழாக்கிவிட்டுப் போனது. காகிதத்தை எரித்த நகரமும் நனைத்த நகரமும் இப்போது அதே காகிதத்தின் ஒரிஜினலைக் கேட்கின்றன. செராக்ஸ் செல்லாதாம்.

சரி, காகிதம் தப்பித்தது என்றே வையுங்கள். பழனிச்சாமி என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து அவருடைய அப்பா தோல் கிடங்கு வேலைக்கு வந்தவர். ஊரில் இவர் எஸ். பழனிச்சாமி. மும்பையில் இனிஷியல் செல்லாது. தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்களை நிரப்பியே ஆக வேண்டும். ரேஷன் கார்டு எழுதிய குமாஸ்தாவின் தேவநாகரியில் ழகரம் இல்லை, ஆகவே பளனிஸ்வாமி சுப்பையா நாடார். லைட் பில்லில் எஸ்.பி. சாமி. வாக்காளர் பட்டியலில் ஸ்வாமி பலானி. பழைய போட்டோ பாஸில் பளனி மதராசி. குடும்பப் பெயர் என்னவென்று கேட்டு அலுத்துப்போன யாரோ ஒருவர் தானே சூட்டிவிட்டார். நான்கு காகிதம், நான்கு ஆள். நான்கு பேரும் சேர்ந்து ஒரு வீட்டில் முப்பது வருஷமாக இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் ஒருவன்கூட 1.1.2000-க்கு முன் அங்கே இல்லை. அபாத்ர். தகுதியில்லை.

இப்போது நூலகரிடம் வருகிறேன். ஒரே ஆள் பல பெயரில் வருவதைச் சேர்த்துப் பிடிப்பது உலகத்தில் யாருடைய தொழில்? சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒரே ஆள், ரா. கிருஷ்ணமூர்த்தியும் கல்கியும் ஒரே ஆள். சுஜாதா என்ற பெண்பெயருக்குப் பின்னால் எஸ். ரங்கராஜன் என்ற ஆண் இருக்கிறார். இவர்களையெல்லாம் அட்டவணையில் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்து உட்காரவைப்பது நூலகரின் அன்றாட வேலை. அதற்குப் பெயர்க் கட்டுப்பாட்டுக் கோப்பு உண்டு, விதிகள் உண்டு. தென்னிந்தியப் பெயர்களை எப்படிப் பதிவது என்று வெள்ளைக்காரன் தெரியாமல் விழித்தபோது, சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் உட்கார்ந்து யோசித்தார். 1934-இல் வந்த அவருடைய பட்டியலாக்க விதிநூல் இன்றைக்கும் நூலகவியல் பாடத்தில் இருக்கிறது. இந்த வித்தையைப் பரீட்சை எழுதிப் பாஸான ஆட்கள் மாட்டுங்காவில் நிரந்தர வேலையில், ஏழாவது ஊதியக்குழுச் சம்பளத்தில் இருக்கிறார்கள். தாராவியில் பழனிச்சாமியின் நான்கு பெயரையும் ஓர் அஃபிடவிட்டில் சேர்த்துக் கட்டுவதோ, பஸ் ஸ்டாப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஏஜெண்ட்.

உண்மையான நூலகம் அங்கே செராக்ஸ் கடைதான். எந்த ஃபாரத்துக்கு எந்தப் ப்ரூஃப், எந்த வருஷத்து வாக்காளர் பட்டியல் எங்கே கிடைக்கும், எந்த ஆபீஸ் மத்தியானத்துக்கு மேல் ஆளே இல்லாமல் கிடக்கும் என்பதெல்லாம் லேமினேஷன் மெஷினுக்குப் பின்னால் நிற்கும் பையனுக்குத் தெரியும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது ரங்கநாதனின் நான்காம் விதி. அந்தப் பையன் விதியைப் படித்ததில்லை. படித்தவர்கள் ஆகஸ்ட் 12 அன்று ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிறார்கள்.

தாராவிக்கு ஏன் வரவில்லை என்று நூலகர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர், அவர்கள் எங்கள் உறுப்பினர்கள் அல்லர் என்பார். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விட முடியாதாம். அடையாளம் காட்ட முடியாமல்தானய்யா அவர்கள் தெருவில் நிற்கிறார்கள்! இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, அது அரசியல் சார் என்பார். ஆமாம், அரசியல்தான். கரடிக்கு ஓட்டு இல்லை, பில்டர் இல்லை, அதனால் கரடியைப் பற்றித் தைரியமாகத் தகவல் தேடலாம். 80 சதவீதப் பங்கு அதானி குழுமத்திடமும் 20 சதவீதம் அரசிடமும் இருக்கும் ஒரு கம்பெனி, காலடியில் இருக்கும் நிலத்தை அளந்துகொண்டிருக்கும்போது, அதன் டெண்டரை எப்படி வாசிப்பது என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தால் நிர்வாகக் குழு கூப்பிட்டு விசாரிக்கும். ஆகவே தகவல் எழுத்தறிவு என்பது, யாரையும் சங்கடப்படுத்தாத தகவல்களில் எழுத்தறிவு.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரே நாடு ஒரே சந்தா என்று 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அரசுக் கல்வி நிலையங்களில் உள்ளவர்கள் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மூன்று ஆண்டுகளுக்கு வாசிக்கலாம். நல்லதுதான், ஆய்வாளன் வாசிக்கட்டும். தாராவி ஏலத்தில் அதானி குழுமம் கேட்ட தொகை 5,069 கோடி. அதற்கு முந்தைய ஏலத்தில் இன்னொரு கம்பெனி 7,200 கோடி கேட்டு, அந்த ஏலம் 2020-இல் ரத்தானது. ஆக, தாராவிக்கு அதானி குழுமம் கேட்ட தொகையைவிட ஆய்விதழ் வாங்க இந்த நாடு ஒதுக்கியது அதிகம். அந்த 13,000 இதழ்களில் தாராவியைப் பற்றிக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவற்றைத் தாராவிக்காரர் தன் போனில் திறந்து படிக்க முடியாது. அரசாணை மராத்தியில், டெண்டர் ஆங்கிலத்தில், ஆய்வு பூட்டுக்குள். தமிழ்நாட்டு வாசகரும் சிரிக்க வேண்டாம். தாராவி பற்றிய நம் தகவல் எழுத்தறிவு 1987-இல் ‘நாயகன்’ பார்த்ததோடு முடிந்து, 2018-இல் ‘காலா’ பார்த்துப் புதுப்பிக்கப்பட்டது.

மகாராஷ்டிரத்துக்கு 1967 முதல் பொது நூலகச் சட்டம் இருக்கிறது. ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த 1948-ஆம் ஆண்டு மதராஸ் சட்டத்தில் நூலக வரி உண்டு. மகாராஷ்டிரச் சட்டத்தில் அதை விட்டுவிட்டார்கள். நூலகம் என்பது சங்கங்கள் நடத்தி, அரசு மானியம் போடும் தர்மகாரியம் ஆனது. 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போனார்கள். மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு அந்த மாடு இன்னும் புறப்படவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, இதையெல்லாம் செய்துகாட்டிய ஆள் ஒருவரைச் சொல்லாமல் விட்டால் குற்றம். ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், தச்சுவேலை செய்தவர். அறுபதுகளில் மும்பைக்கு வந்து, செம்பூருக்கு அப்பால் மான்கூர்டில் ஜனதா காலனியில் குடியேறினார். பக்கத்திலிருந்த பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த இடம் தேவைப்பட்டது. மெக்மாஸ்டரின் அந்த 20 பேர் நோயாளியின் அறிகுறிகளை விவாதித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், ஜனதா காலனிக்காரர்கள் நோட்டீசை வாசிக்கவும், கோர்ட்டுக்குப் போகவும், டெல்லிக்கு மனு எழுதவும் கற்றுக்கொண்டார்கள். எல்லாம் செய்தும் 1976-இல், அவசரநிலையின் தைரியத்தில், காலனியைத் தரைமட்டமாக்கி மக்களைச் சீத்தா கேம்ப்புக்குத் தூக்கியடித்தார்கள். தோற்றார்கள். ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து அவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்: உன்னை அரசாங்கம் எண்ணுவதற்கு முன் நீயே உன்னை எண்ணிவிடு.

1985-இல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி அறிவித்தார். அதில் 37 கோடி தாராவிக்கு. உடனே அரசு, தாராவியில் எத்தனை குடும்பம் என்று ஒரு கணக்கைச் சொன்னது. குறைத்துத்தான் சொன்னது; குறையக் குறைய இடிப்பது சுலபம். ஜோக்கினின் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு 1986-இல் தானே எண்ணியது. எண்ணியவர்கள் அங்கேயே குடியிருந்தவர்கள். எந்த வீட்டின் பரணில் இன்னொரு குடும்பம் இருக்கிறது, எந்தப் பட்டறையில் பத்துப் பேர் ஷிஃப்ட் போட்டுத் தூங்குகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து ஃபாரத்தோடு வருபவனுக்குக் கதவு மட்டும்தான் தெரியும். கணக்கு வந்தது: 80,518 கட்டடங்கள், 1,06,045 குடும்பங்கள், 5,30,225 பேர். கடைசிக் குடும்பம் வரை எண்ணியிருக்கிறார்கள், பாருங்கள். ஒரு பக்கம் அரசாங்கக் கணக்கு, ஒரு பக்கம் இது. எந்த மூலத்தை நம்புவது, ஏன், யார் எண்ணினார், எண்ணியவருக்கு அதில் என்ன லாபம்? தகவல் எழுத்தறிவுப் பாடநூல்கள் கேட்கச் சொல்லும் கேள்விகள் அத்தனையும் தாராவிச் சந்தில் பென்சிலால் கேட்கப்பட்டன. அந்த முறையை ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் குடிசைவாழ் மக்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜோக்கினுக்கு 2000-இல் மகசேசே விருது கிடைத்தது, 2018-இல் இறந்துபோனார். மும்பை நூலகவியல் பாடத்திட்டம் எதிலாவது அவர் பெயர் இருந்தால் எனக்குக் காட்டுங்கள், என் செலவில் சாப்பாடு.

இப்போது தாராவியை டிரோன் பறக்கவிட்டு, லேசர் ஒளிவீசி, துல்லியமாக அளக்கிறார்கள். சுவர் எங்கே நிற்கிறது என்று தெரிகிறது. சுவருக்குள் இருப்பவர் 1999 டிசம்பர் 31 அன்று அங்கே இருந்தாரா என்பது மட்டும் லேசருக்குத் தெரியாதாம். அதை அவரே நிரூபிக்க வேண்டும்.

தோற்ற மாணவர்களை எங்கே அனுப்புவார்கள்? முலுண்ட், பாண்டூப், காஞ்சூர்மார்க் பக்கத்து உப்பளங்கள் ஒன்று. இன்னொன்று, 2024-இல் திட்டத்துக்காக ஒதுக்கிய தேவனார் குப்பைமேட்டு நிலம், சுமார் 124 ஏக்கர். 1927 முதல் மும்பை தன் கழிவைக் கொட்டிவரும் இடம். 1976-இல் ஜனதா காலனிக்காரர்களை எந்தப் பக்கம் துரத்தினார்களோ, அதே பக்கம். செம்பூரில் ஏ.சி. போட்ட நூலக அரங்குகளிலிருந்து சில கிலோமீட்டர். கிழக்குக் காற்று அடித்தால் பயிலரங்கு வரைக்கும் மணம் வரும். வந்தவர்கள் ஜன்னலைச் சாத்துகிறார்கள்.

ஆகவே அடுத்த பயிலரங்குக்கு நானே ஒரு சிக்கல் தருகிறேன், ராயல்டி வேண்டாம். நூறு வருஷக் குப்பையின் மேல் மனிதர் குடியிருக்கலாம் என்று கையெழுத்துப் போட்டது யார், எந்தத் தேதியில், மண்ணையும் வாயுவையும் யார் சோதித்த அறிக்கையின் பேரில்? கோப்பு எண்ணோடு கண்டுபிடிக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005 கையில் இருக்கிறது, கட்டணம் பத்து ரூபாய். ஆனால் மகாராஷ்டிரம் 2012-இல் ஒரு விதி போட்டிருக்கிறது: மனு 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது, ஒரு மனுவில் ஒரே விஷயம்தான். தமிழ் ஒட்டுநிலை மொழி, 150 சொல்லில் ஒரு தலபுராணமே எழுதிவிடலாம். தமிழில் எழுதினால் வாங்க மாட்டார்கள். ஆகவே மராத்தியில் எழுதுங்கள். உங்கள் மாணவர்களில் மராத்தி நன்றாகத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், தாராவியிலிருந்தே வருபவர்களும் இருப்பார்கள். வருகைப் பதிவேட்டில் முகவரியைப் பாருங்கள், இதுவரை பார்த்திருக்க மாட்டீர்கள். அவர்களைக் குழுத்தலைவர்கள் ஆக்குங்கள். பழனிச்சாமியின் நான்கு காகிதங்களையும் மேசைமேல் வைத்து, ரங்கநாதன் விதிப்படி அவரை ஒரே ஆளாக்கி, அந்தத் தாளில் நூலக முத்திரை குத்திக் கொடுங்கள். செல்லாது என்பார்கள். எந்த விதிப்படி செல்லாது என்று அதையும் எழுதிக் கேளுங்கள், இன்னொரு பத்து ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. சர்வேக்காரர்கள் அதற்குள் அடுத்த சந்துக்குப் போயிருப்பார்கள்.